பாப்கார்ன் ஆலைவரை வந்த சொல்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கண்காட்சித் திடலில் ராட்டினம் போட வருகிறவர், அதைச் சுற்றவிடுவதற்கு முன் மாநில அரசிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டவும் அதே அலுவலகத்தின் அனுமதிதான். பாய்லர் சோதனை, கட்டட விதிகள், தீத்தடுப்பு எல்லாம் அங்கேதான். அந்த அலுவலகத்தின் பெயர் இண்டியானா ஹோம்லேண்ட் செக்யூரிட்டித் துறை. 2005இல் அவசரகால நிர்வாகம், தீயணைப்புத் தலைமை, கட்டட ஆணையர் அலுவலகம் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். புதிய துறைக்குப் பெயர் தேட அதிகம் மெனக்கெடவில்லை. அப்போது காற்றில் இருந்த பெயரையே வைத்துவிட்டார்கள்.

நம்மவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகம். பிள்ளை மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும்போது வரும் ஐ-20 படிவத்தின் தலைப்பில் அது இருக்கும். ஹெச்-1பி மனுவைப் பரிசீலிப்பதும், விமான நிலையத்தில் கைரேகை எடுப்பதும் அதே துறையின் கிளைகள்தான். ஆனால் அது வாஷிங்டனில் உள்ள ஒன்றிய அரசின் துறை. மாநிலங்களின் கதை தனி. ஒன்றியச் சட்டம் பெயரை வைத்ததோடு சரி. அதற்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதும் வேலை மாநிலச் சட்டமன்றங்களின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் தன் பயத்தை, தன் தன் தேவையை, சில சமயம் தன் தன் பக்தியைக்கூட அதற்குள் போட்டு நிரப்பிக்கொண்டது.

‘ஹோம்’, ‘லேண்ட்’ இரண்டுமே ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய வேர்ச்சொற்கள். கூட்டுச் சொல்லாக இருந்தாலும் அமெரிக்கர்கள் தம் நாட்டைக் குறிக்க அதை அதிகம் புழங்கியதில்லை. குடியரசு, ஒன்றியம், நாடு என்பார்கள். ‘ஹோம்லேண்ட்’ என்றால் பாட்டன் பூட்டன் விட்டுவந்த அயர்லாந்தோ இத்தாலியோதான். குடியேறிகள் கட்டிய தேசத்தில் தாயகம் என்பது பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருந்தது.

ஜெர்மனில் நிலைமை வேறு. ‘ஹைமாட்’ அங்கே நெஞ்சைத் தொடும் சொல். பிறந்த மண், பேச்சு வழக்கு, கோயில் மணி எல்லாம் அதில் அடக்கம். அதோடு காப்பு என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து ‘ஹைமாட்ஷுட்ஸ்’ என்ற பெயரில் 1904இல் டிரெஸ்டன் நகரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் ஹோம்லேண்ட் செக்யூரிட்டிதான். அந்தச் சங்கம் காக்க நினைத்ததோ பழைய ஓட்டு வீடுகளையும் ஆற்றங்கரைகளையும் மரங்களையும். தொழிற்சாலைப் புகையும் விளம்பரப் பலகைகளுமே அதற்கு எதிரிகள். சுவிட்சர்லாந்தில் அதே பெயரில் அடுத்த ஆண்டு தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. பழைமையைப் பேணும் ஊர்களுக்குப் பரிசு கொடுக்கிறது. ஆஸ்திரியாவில் ‘ஹைம்’ என்ற அதே அடியிலிருந்து ‘ஹைம்வேர்’ என்று ஒரு கூட்டம் 1920களில் கிளம்பியது. கையில் துப்பாக்கி, மனத்தில் பாசிசம். ஐரோப்பியர்களுக்கு இந்தச் சொற்குடும்பத்தில் மல்லிகை வாசனையும் உண்டு, வெடிமருந்து வாசனையும் உண்டு.

இங்கிலாந்தின் ‘ஹோம் கார்டு’ இன்னொரு கிளை. 1940இல் ஹிட்லரின் படை கடலைத் தாண்டி வந்துவிடும் என்ற அச்சத்தில் உள்ளூர்த் தொண்டர்களைத் திரட்டினார்கள். வைத்த பெயர் உப்புச் சப்பில்லாமல் இருந்ததால் சர்ச்சில் அதை ‘ஹோம் கார்டு’ என்று மாற்றினார். அந்தப் பெயர்தான் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படை ஆனது. தமிழில் ‘ஹோம்’ என்பதை ‘ஊர்’ என்று ஆக்கியவர் யாரோ, அவருக்கு நல்ல காது. ராணுவ வாடையே இல்லாமல் லத்திக் கம்போடு திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆட்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

‘செக்யூரிட்டி’ லத்தீன் வழி வந்தது. கவலை இல்லாமை என்பதே அதன் மூலப்பொருள். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1935இல் முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சட்டத்துக்குச் ‘சோஷியல் செக்யூரிட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே கவலை என்பது வறுமை. 1947இல் வந்தது ‘நேஷனல் செக்யூரிட்டி’ சட்டம். அங்கே கவலை சோவியத் ரஷ்யா. ஓய்வூதியத்திலிருந்து உளவுத்துறைக்குச் சொல் நகர்ந்ததற்கு இடையில் கழிந்தது பன்னிரண்டே ஆண்டுகள்.

மாநிலங்களின் சட்டப் புத்தகங்களில் இதே வேலைக்கு முன்பு வேறு பெயர் இருந்தது: ‘சிவில் டிஃபென்ஸ்’. 1941இல் ரூஸ்வெல்ட் அதற்காக ஓர் அலுவலகம் திறந்து நியூயார்க் மேயர் லா கார்டியாவைத் தலைவராக உட்காரவைத்தார். அணுகுண்டு அச்சத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை மேசைக்கடியில் குனிந்து ஒளியச் சொல்லிப் பழக்கிய காலம் அது. குண்டு வரவில்லை. வெள்ளமும் சூறாவளியும் மட்டும் தவறாமல் வந்தன. ஆகவே அந்தச் சட்டங்களை மாநிலங்கள் ஒவ்வொன்றாக ‘எமர்ஜென்சி மேனேஜ்மென்ட்’ என்று பெயர் மாற்றின. ஜிம்மி கார்ட்டர் 1979இல் ஃபெமா என்ற ஒன்றிய அமைப்பை உருவாக்கிய பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. ஹவாய் மட்டும் 2014வரை ‘சிவில் டிஃபென்ஸ்’ என்ற பலகையைக் கழற்றவில்லை. பேர்ல் ஹார்பரைப் பார்த்த தீவு. பழைய பெயர்மேல் அதற்குப் பிடிப்பு இருந்ததில் வியப்பில்லை.

ஆக, பெயர் மாறுவது புதிதல்ல. 2001க்குப் பிறகு பழைய சட்டத்தின்மேல் மூன்றாவது முறை வண்ணம் பூசினார்கள், அவ்வளவுதான் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்த முறை பெயரோடு பணமும் ரகசியமும் சேர்ந்து வந்தன.

பெயர் செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1997இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திட்டங்களை ஆராய்ந்த ஒரு குழு ‘ஹோம்லேண்ட் டிஃபென்ஸ்’ என்று எழுதியது. செனட்டர்களாக இருந்த கேரி ஹார்ட், வாரன் ரட்மன் இருவரும் தலைமை தாங்கிய ஆணையம், ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்கெனத் தேசிய முகமை ஒன்று வேண்டும் என்று 2001 தொடக்கத்தில் பரிந்துரைத்தது. அறிக்கையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தாக்குதல் நடந்து ஒன்பதாம் நாள் நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் புஷ், அந்தப் பெயரில் ஓர் அலுவலகத்தை அறிவித்தார். பென்சில்வேனியாவின் ஆளுநர் டாம் ரிட்ஜ் அதற்குத் தலைவர். (அங்கே ஆளுநர் தேர்தலில் வென்று வருகிறவர், நம் முதலமைச்சருக்கு இணை.) டாம் ரிட்ஜின் மாநிலத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருவோம்.

பெயர் பிடிக்காதவர்கள் உடனே முணுமுணுத்தார்கள். ரீகனுக்கு உரை எழுதிக்கொடுத்த பெக்கி நூனன், புஷ்ஷின் கட்சிக்காரர்தான். அவரே 2002இல், இது அமெரிக்கர் வாயில் வரும் சொல் அல்ல, பெயரை மாற்றுங்கள் என்று பத்தியில் எழுதினார். ஜெர்மன் நெடி அடிக்கிறது என்றவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவை நினைவூட்டியவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஹோம்லேண்ட்’ என்ற சொல்லைச் சட்டத்தில் அதிகம் புழங்கியது நிறவெறி அரசுதான். கறுப்பின மக்களைத் துண்டு துண்டான நிலங்களில் அடைத்து அவற்றுக்கு ‘ஹோம்லேண்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 1970இல் ஒரு சட்டம் போட்டு, நீ இந்த நாட்டுக் குடிமகன் அல்ல, உன் ஹோம்லேண்டின் குடிமகன் என்றார்கள். 1976இல் டிரான்ஸ்கை, அடுத்த ஆண்டு போபுதட்ஸ்வானா என்று ‘சுதந்திர’ நாடுகளையும் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்காவைத் தவிர வேறு எந்த நாடும் அவற்றை ஏற்கவில்லை. 1994இல் எல்லாம் மறைந்தன.

அரசுகள் இந்தச் சொல்லுக்கு அஞ்சி விலகிய கதையும் உண்டு. 1985இல் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் ஈழத் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று தாயகம். ஆங்கில வாசகத்தில் ‘ஹோம்லேண்ட்’. கொழும்பு அதை ஏற்கவில்லை. 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இல்லை. வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பகுதிகள் என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு நீண்ட சொற்றொடர். அதை அப்படி நீட்டிய சட்ட வரைவாளர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அமெரிக்கத் துறையை ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை’ என்று எழுதுகின்றனவே தவிர ‘தாயகப் பாதுகாப்பு’ என்பது அரிது. நம் வாசகரில் பாதிப் பேருக்குத் தாயகம் என்றதும் யாழ்ப்பாணமும் வன்னியும்தான் நினைவுக்கு வரும். அங்கே கொண்டுபோய் டாம் ரிட்ஜை நிறுத்த முடியாது.

2002 நவம்பர் 25 அன்று புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் பொருள்வரையறைப் பிரிவைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ‘ஹோம்லேண்ட்’ என்றால் ஐக்கிய அமெரிக்க நாடு என்று பொருள்படும் என்கிறது. ஐக்கிய அமெரிக்க நாடு என்றால்? மாநிலங்கள், தலைநகர் மாவட்டம், போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்கன் சமோவா, அந்த எல்லைக்குட்பட்ட நீர்ப்பரப்பு என்று ஒரு பட்டியல். பயங்கரவாதம் என்பதற்கும் வரையறை இருக்கிறது. ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்ற முழுத்தொடருக்கு மட்டும் இல்லை. துறைக்கு என்ன பணி என்று அடுத்த பிரிவில் சொல்கிறார்கள். பெயருக்கு என்ன பொருள் என்று சொல்லவில்லை. 22 அமைப்புகளை இழுத்துப்போட்டு 2003இல் துறை இயங்கத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 2013இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் சொந்த ஆய்வுப் பிரிவே ஓர் அறிக்கையில் சொன்னது: அரசிடம் இன்னமும் இந்தத் தொடருக்கு ஒரே வரையறை இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். வரையறுத்தால் ஏதோ ஒன்று வெளியே நிற்கும். வெளியே நின்றதற்கு ஒன்றிய அரசின் மானியம் கிடையாது. மானியம் என்பது சின்னத் தொகை அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மொத்தத்தில் 0.75 சதவீதம் குறைந்தபட்ச உறுதி என்று முதலில் வைத்தார்கள். வயோமிங்கில் மாட்டைவிட ஆள் குறைவு. அங்கும் அந்தப் பங்கு போனது, தலைக்குக் கணக்குப் பார்த்தால் நியூயார்க்காரரைவிட வயோமிங்காரருக்கு அதிகம். 2007இல் சட்டத்தைத் திருத்தி அந்த உறுதியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்குள் மாநிலங்கள் அலுவலகம் திறந்து, பலகை மாட்டி, தம் சட்டங்களில் வரையறைப் பிரிவும் எழுதி முடித்திருந்தன.

அப்படி எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது டெக்சாஸின் அரசுச் சட்டத் தொகுப்பில் 421ஆம் அத்தியாயம். 2003இல் சேர்த்தது. அதை எழுதியவர் கெட்டிக்காரர். ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்றால் என்ன என்ற வம்புக்கே போகவில்லை. ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டிச் செயல்பாடு’ என்று ஒரு தொடரை எடுத்துக்கொண்டு அதற்கு வரையறை கொடுத்தார். பயங்கரவாதத் தாக்குதல், இயற்கைப் பேரிடர் அல்லது மனிதரால் நேரும் பேரிடர், பகைப்படையின் நடவடிக்கை, அசாதாரணமான சட்டம் ஒழுங்கு நெருக்கடி ஆகிய இவற்றைத் தடுப்பது, கண்டறிவது, எதிர்கொள்வது, இவற்றிலிருந்து மீள்வது தொடர்பான எந்தச் செயலும் அதுவே. மெக்சிகோ வளைகுடாப் புயலும் அல் கயிதாவும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ‘தொடர்பான எந்தச் செயலும்’ என்ற இடத்தில் கதவே இல்லை, திறந்த வாசல்தான்.

அதே பிரிவில் இன்னொரு வரையறை: முக்கியக் கட்டமைப்பு. ஒன்றியச் சட்டம் இதைக் கடுமையாகவே எழுதியிருந்தது. அழிந்தால் நாட்டின் பாதுகாப்பையோ பொருளாதாரத்தையோ மக்கள் நலத்தையோ முடக்கிப்போடும் அளவுக்கு இன்றியமையாதவை மட்டும் என்று. டெக்சாஸ் என்ன செய்தது? பாதுகாப்பு, நிர்வாகம், சுகாதாரம், பொருளாதாரம் என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் மன உறுதியையும் சேர்த்தது. மாநிலத்தின் அல்லது நாட்டின் மன உறுதிக்கு இன்றியமையாத சொத்துக்களும் முக்கியக் கட்டமைப்பே. மன உறுதிக்கு எது இன்றியமையாதது? டெக்சாஸ்காரரைக் கேட்டால் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி விளையாடும் அமெரிக்கக் கால்பந்து மைதானம் என்பார். அவரை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சட்ட வரைவில் ‘பொருள்படும்’ என்று முடித்தால் பட்டியல் மூடியது. ‘உள்ளடக்கும்’ என்று முடித்தால் திறந்தது. டெக்சாஸ் இங்கே எழுதியிருப்பது இரண்டாவது வகை. சட்டம் படித்தவருக்கு அந்த ஒரு வினைச்சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வரையறையைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2006இல் பார்த்தார்கள். ஒன்றியத் துறை மாநிலங்களிடம் பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கேட்டிருந்தது. 77,069 இடங்கள் சேர்ந்தன. துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அதைச் சோதித்தபோது நியூயார்க்கிலிருந்து 5,687 இடங்கள், கலிபோர்னியாவிலிருந்து 3,212, இண்டியானாவிலிருந்து 8,591. அலபாமாவில் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைத் தடவிப் பார்க்கும் ஒரு சின்ன மிருகக்காட்சித் தோட்டம், டென்னசியில் கோவேறு கழுதை ஊர்வலம், ஒரு பழைய சாமான் சந்தை. இண்டியானாவின் கிராமப்புறத்தில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு பாப்கார்ன் நிறுவனமும் இடம்பிடித்திருந்தது. சோளம் வெடிப்பதால் இருக்குமோ என்று அதன் உரிமையாளரே நிருபரிடம் கேட்டார். அதே ஆண்டு நியூயார்க் நகரத்துக்கான மானியத்தை நாற்பது சதவீதம் வெட்டினார்கள். மதிப்பீட்டுத் தாளில் அந்த நகரத்தின் தேசியச் சின்னங்கள் எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தது. சுதந்திர தேவி சிலை எங்கே போயிற்று என்று நகரத்துக்காரர்கள் கொதித்தார்கள்.

சிரிக்கலாம்தான். சிரிக்க முடியாத பக்கம் பென்சில்வேனியாவில் திறந்தது. டாம் ரிட்ஜின் அதே மாநிலம். அங்கே மாநில ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அலுவலகம் முக்கியக் கட்டமைப்புக்கு வரும் மிரட்டல்களைத் தொகுத்துச் சொல்ல ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. அது அனுப்பிய சுற்றறிக்கைகளில் இயற்கை எரிவாயு தோண்டுவதை எதிர்த்த ஊர்மக்கள் கூட்டங்களும் இருந்தன. ஓர் ஆவணப்படத் திரையிடல்கூட. சுற்றறிக்கை எரிவாயு நிறுவனங்களுக்கும் போனது. 2010இல் விஷயம் வெளியானதும் ஆளுநர் எட் ரெண்டல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அலுவலகத் தலைவர் பதவி விலகினார். வரையறைகளே இதற்கு இடம் கொடுத்தன என்பதுதான் இதில் விசேஷம். எரிவாயுக் குழாய் முக்கியக் கட்டமைப்பு. அதை எதிர்ப்பவர் கட்டமைப்புக்கு மிரட்டல். மிரட்டலைத் தொகுப்பது ஹோம்லேண்ட் செக்யூரிட்டி. வரையறைகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டன. சில ஆண்டுகளில் ஒக்லஹோமாவும் லூயிசியானாவும் இதைக் குற்றவியல் சட்டத்துக்கே கொண்டுபோயின. லூயிசியானா 2018இல் செய்த திருத்தம் பார்வைக்குச் சின்னது: முக்கியக் கட்டமைப்பின் வரையறையில் குழாய்த்தடங்களைச் சேர்த்தது. அத்துமீறி நுழைந்தால் ஐந்தாண்டுவரை சிறை என்பது அதன் விளைவு.

கென்டக்கிக்கு வருவோம். அதன் சட்டமன்றம் 2002இல் ஒரு முடிவை எழுதிவைத்தது: எல்லாம் வல்ல இறைவனைச் சார்ந்திராமல் மாநிலத்தின் பாதுகாப்பு சாத்தியமில்லை. 2006இல் இதைப் பறைசாற்றுவதை ஹோம்லேண்ட் செக்யூரிட்டி அலுவலகத் தலைவரின் கடமையாக்கினார்கள். கடமைப் பட்டியலில் முதல் உருப்படியே அதுதான். அவசரகால மையத்தில் பலகை வைக்க வேண்டும், பயிற்சி ஏடுகளில் அச்சிட வேண்டும். நாத்திகர் சங்கம் வழக்குப் போட்டது. 2009இல் கீழ் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மீட்டது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. சட்டம் நிற்கிறது. பயங்கரவாதத் தடுப்பு நிபுணரைப் பார்த்து, முதலில் சாமியைக் கும்பிடு, பிறகு வேவு பார் என்று சொல்லும் சட்டம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லா மாநிலங்களும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. நியூஜெர்சி 2001 அக்டோபரிலேயே, கோபுரங்களின் புகை அடங்குமுன், சட்டம் இயற்றிவிட்டது. ஹோம்லேண்ட் என்ற சொல் இன்னும் சூடு பிடிக்காததால் ‘டொமெஸ்டிக் செக்யூரிட்டி’ என்று எழுதியது. ஃபுளோரிடாவும் அதே தொடரையே வைத்துக்கொண்டது. அங்கே ‘உள்நாட்டுப் பாதுகாப்புத் தலைவர்’ என்றே ஒரு பதவி உண்டு. நம் பத்திரிகைகள் தேர்ந்த சொல்லும் ஃபுளோரிடாவின் சட்டமன்றம் தேர்ந்த சொல்லும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். கலிபோர்னியா அலுவலகம் திறந்தது, 2009இல் அதை அவசரகால முகமையோடு கரைத்தது, 2013இல் பழைய ‘எமர்ஜென்சி சர்வீசஸ்’ பெயருக்கே திரும்பிவிட்டது. நிலநடுக்கமும் காட்டுத் தீயும் அங்கே அன்றாடம். அவற்றுக்குத் தாயகம், அந்நியம் என்ற பேதமில்லை.

நெவாடா எங்கே வைத்தது என்று பார்த்தால் இந்தச் சட்டங்களின் உள்மனம் தெரியும். போலீஸ் சட்டங்களுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, பேரிடர்ச் சட்டங்களுக்குப் பக்கத்திலும் இல்லை. அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கும் உரிமையைப் பேசுவது 239ஆம் அத்தியாயம். அதற்கு வாலாக 239சி: ஹோம்லேண்ட் செக்யூரிட்டி. தண்ணீர், மின்சார நிறுவனங்கள் தங்கள் பலவீனங்களை மதிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவை யார் கண்ணிலும் படக்கூடாது. வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு அடுத்த வீட்டில் ரகசியம் குடியிருக்கிறது.

டெக்சாஸிலும் அதேதான். 421ஆம் அத்தியாயத்தைச் சேர்த்த அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம், எந்தெந்தத் தகவல்களை அரசு மறைக்கலாம் என்ற பிரிவுகளையும் சேர்த்தது. வெடிகுண்டோ ரசாயன ஆயுதமோ செய்ய உதவக்கூடிய தகவல் அவற்றில் ஒன்று. பத்தாண்டுகள் அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று வெஸ்ட் என்ற சின்ன ஊரில் ஓர் உரக்கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே அம்மோனியம் நைட்ரேட். தீயணைக்கப் போனவர்கள் கிட்டே நின்றிருந்தபோது வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், அவர்களில் 12 பேர் தீயணைக்கவும் மீட்கவும் ஓடிவந்தவர்கள். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் கிடங்குக்கு அருகிலேயே இருந்தன.

மற்ற ஊர்க்காரர்கள் பதறினார்கள். எங்கள் ஊரில் எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்கான பட்டியல் அரசிடம் இருந்தது. நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்தாக வேண்டிய பட்டியல் அது, முன்பு கேட்டால் கொடுத்தும் வந்தார்கள். 2014இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த கிரெக் அபாட் தீர்ப்பளித்தார்: அது ஹோம்லேண்ட் செக்யூரிட்டிச் சட்டப்படி ரகசியம், அரசு கொடுக்க வேண்டியதில்லை. நிருபர்கள் விடாமல் கேட்டபோது, காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்த்தால் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களையே கேட்டுக்கொள்ளலாம் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த ஆண்டு இறுதியில் அவர் ஆளுநர் தேர்தலில் வென்றார்.

அபாட் மேற்கோள் காட்டிய சட்டத்தின் பொருள்வரையறையையே திரும்ப எடுத்துப் பாருங்கள். மனிதரால் நேரும் பேரிடரைத் தடுப்பது அல்லது கண்டறிவது தொடர்பான எந்தச் செயலும் ஹோம்லேண்ட் செக்யூரிட்டிச் செயல்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் எத்தனை டன் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது என்று அரசுக்கு மனு எழுதிக் கேட்கும் ஒரு தாயின் செயல் அந்த வாக்கியத்துக்குள் அப்படியே பொருந்தும். அரசு அந்தக் கேள்வியைத் திருப்பி அனுப்பியதும் அதே சட்டத்தின் பெயரால்தான்.